ப்ளொக் பண்ணி வச்சிருக்கேன்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போகும் பஸ் நிரம்பும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் தொலைபேசியில்தான் இருப்பார்கள். கதைப்பது தமிழோ சிங்களமோ, ஒரு சொல் மட்டும் மாறாது: ப்ளொக். சிங்களத்தில் ‘ப்ளொக் கரலா’, தமிழில் ‘ப்ளொக் பண்ணி’. சொல்லை விட்டுவிட்டு அதன் வாலைக் கவனித்தால்தான் விஷயம் புரியும். “ப்ளொக் பண்ணிட்டேன்” என்பவர் கதவை அடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார். “ப்ளொக் பண்ணித் தொலைச்சேன்” என்பவருக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. “ப்ளொக்ல கெடக்கட்டும்” என்பதில் ஆளை அறையில் போட்டுப் பூட்டிய திருப்தி தெரிகிறது. எல்லாவற்றிலும் நுட்பமானது “ப்ளொக் பண்ணி வச்சிருக்கேன்” என்பது. ஊறுகாய் போட்டு வைக்கிறோம், பணம் எடுத்து வைக்கிறோம், சோற்றை மூடி வைக்கிறோம். எல்லாமே பிறகு தேவைப்படும் என்பதற்காக. அதே ‘வை’ இங்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

செயலிக்கு இதெல்லாம் தெரியாது. அதற்கு இரண்டே நிலை: தடுத்திருக்கிறது, தடுக்கவில்லை. மனிதர்கள் ஒருவரை விட்டு ஒருவர் விலகுவதில் எத்தனையோ படிகள் உண்டு. அத்தனையையும் ஒரே பொத்தானுக்குள் அமுக்கியது கம்பனி. அந்தப் படிகளைத் துணைவினைகளைக் கொண்டு மறுபடி எழுப்பியவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சனங்கள். அடிபட்டவன் பக்கத்திலும் இலக்கணம் சும்மா இருக்கவில்லை. அடி வாங்கினான், பேச்சு வாங்கினான் என்பதுபோல இப்போது ‘ப்ளொக் வாங்கினான்’.

ஆங்கிலத்துக்கு ‘அன்’ என்றொரு முன்னொட்டு இருக்கிறது. பல வினைகளுக்கு முன்னால் வைத்தால் செய்ததைச் செய்யாததாக்கிவிடும். ‘அன்ஃப்ரெண்ட்’ என்ற வினையை நியூ ஒக்ஸ்போர்ட் அமெரிக்க அகராதி 2009ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தபோது பலர் அதைப் பேஸ்புக்கின் கண்டுபிடிப்பு என்று நினைத்தார்கள். தோமஸ் ஃபுல்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1659லேயே அதை எழுதிவிட்டார். தமிழில் அப்படியொரு முன்னொட்டு இல்லை. நட்பை இல்லாமலாக்க வேண்டுமென்றால் எப்படி என்று சொல்லியாக வேண்டும்: கயிறுபோல அறுக்கலாம், குச்சிபோல முறிக்கலாம், களைபோலப் பிடுங்கலாம். தமிழ் முகநூல்காரர்கள் தேர்தல் காலத்தில் ‘களையெடுப்பு’ என்று அறிவித்துவிட்டு நட்புப் பட்டியலில் இறங்குவதும், “இதில் உடன்பாடில்லாதவர்கள் தாங்களாகவே விலகிக்கொள்ளலாம்” என்று வாசலில் பலகை மாட்டுவதும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். யாரும் தாங்களாக விலகுவதில்லை என்பது வேறு கதை.

பழைய விலகல் சொற்கள் எல்லாம் உடம்பிலிருந்து வந்தவை. முகத்தில் முழிக்க மாட்டேன். வாசல் மிதிக்க மாட்டேன். அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன். கை கழுவிவிட்டேன். கடைசிப் படி ‘தலைமுழுகிட்டேன்’: உயிரோடிருப்பவரைச் செத்தவராக்கி, அந்தத் தீட்டையும் குளித்துப் போக்கியாகிவிட்டது. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் “எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சு வார்த்தை கெடையாது” என்றால் இரண்டு லயத்துக்கும் தெரிந்த பகிரங்க உண்மை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் உத்தியோகம் பார்க்கும் குடும்பம் “அவையோட நாங்கள் கோவம்” என்று சொல்லும். கோபம் என்ற உணர்ச்சியும் கதைக்காமலிருப்பது என்ற நிலையும் அங்கே ஒரே சொல். சிங்களத்தின் ‘தரஹ’வும் அப்படித்தான், சினமும் பேச்சு நின்றதும் அதற்குள் சேர்ந்தே இருக்கின்றன. மதத்தாலும் மொழியாலும் பிரிந்த அயலவர்கள், சண்டை பிடித்த பிறகு என்ன நிலையில் இருக்கிறோம் என்பதைச் சொல்வதில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் இதைவிடச் சுவையான ஒன்று அகப்படும். அகத்திணை மரபு ஊடலை மருதத்துக்கு உரிப்பொருளாக்கியது. பிணக்கின் அளவுக்கேற்பப் புலவி, ஊடல், துனி என்று வேறு வேறு பெயர்களும் வைத்தது. பரத்தையிடம் போய்வந்த தலைவன் நேராக வீட்டுக்குள் நுழைய முடியாது. பாணனையோ விறலியையோ தூது அனுப்ப வேண்டும். அந்தத் தூதுக்கு ‘வாயில்’ என்று பெயர். தலைவியோ தோழியோ உள்ளே விட மறுப்பதற்கு ‘வாயில் மறுத்தல்’ என்று ஒரு துறை. சம்மதித்தால் ‘வாயில் நேர்தல்’. ப்ளொக்குக்கும் அன்ப்ளொக்குக்கும் தமிழில் சொல் தேடுகிறவர்கள் கலைச்சொல் அகராதிகளை மூடிவிட்டு இங்கே வரலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வாயில் மறுக்கும் தோழி, ஏன் மறுக்கிறாள் என்பதை வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொல்கிறாள். மறுப்பும் ஒரு பேச்சுத்தான். வள்ளுவர் புலவிக்கு உப்பை உவமையாக்கியதும் அளவு தெரிந்து நிறுத்தக்கூடிய ஒன்று என்பதால்தான்.

கண்டி இராச்சியத்துக்கு அளவு தெரியாத விலக்கும் தெரியும். 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ 20 வருடங்கள் இந்த மலைகளுக்குள் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், தப்பிப்போய் 1681இல் எழுதிய புத்தகத்தில் கணவாய்களில் இருந்த முள்வாயில்களை விவரிக்கிறார். முட்புதர்களைக் கட்டிய கதவு. மேலே இழுத்தால் வழி, கீழே விட்டால் அடைப்பு. கடந்து போக வேண்டுமானால் களிமண்ணில் பதித்த உருவம் ஒன்றைக் காட்ட வேண்டும். படைவீரனுக்கு ஈட்டி தூக்கிய ஆள், வேலைக்காரனுக்குக் காவடித்தடியில் இரண்டு மூட்டையோடு ஓர் ஆள், வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் வாளும். இந்தக் காலத்து முகப்புப் படத்தின் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம். அதே நொக்ஸ் சிரிக்க முடியாத இன்னொன்றையும் பதிந்திருக்கிறார். மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் பிரபு ஒருவன் மேல் கடுங்கோபம் கொண்டால், அவன் குடும்பத்துப் பெண்களைத் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டிருந்த ரொடியரிடம் ஒப்படைத்துவிடுவானாம். அதைக் கொலையினும் கொடிய தண்டனையாக மக்கள் கருதினார்கள். தண்டிக்கப்பட்டது பிரபு. கூடவே ஒரு சாதி முழுவதும், மற்றவர்களுக்குத் தரப்படும் தண்டனையாகப் பயன்படுத்தப்பட்டது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது பௌத்த சங்கத்தின் முறை. 1753இல் உபாலி தேரர் சியாமிலிருந்து வந்து உபசம்பதா என்ற உயர் துறவுச் சடங்கை மீட்டதிலிருந்து மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் ஊர் கண்டி. அந்தப் பிக்குகள் பயிலும் விநயம் என்ற ஒழுக்க விதிகளில் ஒதுக்குதலுக்கு இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. முதலாவது பாத்திரத்தைக் கவிழ்த்தல். சங்கத்துக்குத் தீங்கு செய்த இல்லறத்தானிடம் பிக்குகள் பிட்சை ஏற்க மாட்டார்கள். அவன் திருந்தினால் பாத்திரம் நிமிரும். 2007இல் பர்மியப் பிக்குகள் இராணுவ ஆட்சியாளர்களுக்கு எதிராக இதைச் செய்தபோது உலகம் கவனித்தது. இரண்டாவது பிரம்மதண்டம். சித்தார்த்தரைத் தேரில் ஏற்றிச் சென்ற சன்னர் பிற்காலத்தில் பிக்குவாகி யார் சொல்லும் கேளாதவராக இருந்தார். பரிநிர்வாணத்துக்கு முன் புத்தர் அவருக்கு விதித்த தண்டனை மிகச் சிறியது: அவர் விரும்பியதைப் பேசட்டும், மற்றவர்கள் அவரிடம் பேசவோ அறிவுரை சொல்லவோ வேண்டாம். ஆனந்தர் அதை நேரில் போய்ச் சொன்னபோது சன்னர் மயங்கி விழுந்தார். பிறகு தனித்திருந்து முயன்று அரஹத் நிலையை அடைந்ததும் தண்டனை தானாகவே நீங்கியது. காரணம் சொல்லப்பட்டது, நேரில் சொல்லப்பட்டது, முடிவும் உண்டு. இந்த மூன்றில் ஒன்றுகூட இன்றைய ப்ளொக்கில் கிடையாது.

சன்னர் ஏன் மயங்கினார் என்பதற்கு ஓரளவு விடை சொன்னவர் கிப்லிங் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். ஒரு பூங்காவில் நாயோடு உட்கார்ந்திருந்தவரின் அருகில் ஒரு விளையாட்டுத் தட்டு வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார், முன்பின் தெரியாத இருவர் அவரையும் ஆட்டத்தில் சேர்த்து, சற்று நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்நியர் இருவர் தட்டு எறியாததற்கு இவ்வளவு வருத்தமா என்று தன்னையே கேட்டுக்கொண்டவர், பின்னாளில் அதையே சைபர்போல் என்ற கணினி ஆட்டமாக்கினார். திரையில் மூவர் பந்து எறிவார்கள். இருவர் வெறும் நிரல்கள். சில எறிதல்களுக்குப் பிறகு மனிதருக்குப் பந்து வராது. அவ்வளவுதான். அதற்கே சேர்ந்திருக்கும் உணர்வு, சுயமதிப்பு, தன் வாழ்க்கை தன் கையில் என்ற எண்ணம், தான் இருப்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்ற நினைப்பு ஆகிய நான்கும் சரிந்தன. எதிரே ஆடுவது கணினி என்று முன்கூட்டியே சொன்னாலும் சரிந்தன. தாங்கள் வெறுக்கும் கூட்டத்தார் ஒதுக்கினாலும் சரிந்தன. ‘அவன் ப்ளொக் பண்ணினா எனக்கென்ன’ என்று சொல்கிறவரின் குரல் ஏன் அப்படி உயர்கிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

2003இல் நயோமி ஐசன்பெர்கரும் மத்தியு லீபர்மனும் வில்லியம்ஸோடு சேர்ந்து இதே ஆட்டத்தை மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் நடத்தினார்கள். உடல்வலியின் வேதனையோடு தொடர்புடைய பகுதி ஒன்று, ஆட்டத்திலிருந்து ஆள் ஒதுக்கப்படும்போதும் விழித்துக்கொண்டது. அந்தப் பகுதி வலிக்கு மட்டும் உரியதா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனாலும் 2010இல் நேதன் டிவோல் குழுவினர் துணிந்து ஒரு படி மேலே போனார்கள். மூன்று வாரம் தினமும் பரசிட்டமோல் விழுங்கியவர்கள் மனம் நொந்த அனுபவங்களைப் போகப்போகக் குறைவாகவே பதிவுசெய்தார்கள். தலையிடி, காய்ச்சல், தடிமன் எதுவானாலும் பனடோல் என்று நம்பும் நாட்டில் இந்த ஆய்வுக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. (மாத்திரையை அதற்காக யாரும் எடுக்கக் கூடாது, ஈரல் தாங்காது.)

ஒதுக்குகிறவருக்கும் செலவு உண்டு என்பதுதான் குறைவாகப் பேசப்படும் பக்கம். 2001இல் வெளியான ஓர் ஆய்வில் பக்கத்திலிருப்பவரோடு மூன்று நிமிடம் பேசாமலிருக்கும்படி சிலரிடம் சொல்லப்பட்டது. அடுத்துக் கொடுத்த வேலையில் அவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். பேசாமலிருக்கவும் பலம் வேண்டும். ஒரே வீட்டில் கோபம் சாதிப்பவர்களுக்கு இது தெரிந்ததே. ப்ளொக் அந்தச் செலவை இல்லாமலாக்குகிறது. ஒருமுறை அழுத்தினால் போதும். ஒவ்வொரு நாளும் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. அதனால்தான் அது இத்தனை மலிவாகவும், நீண்டும் நடக்கிறது.

யாரை, எதற்காக என்ற கேள்விக்குக் கொலராடோ டென்வர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தோபர் சிபோனா பல வருடங்கள் விடை தேடினார். அடிக்கடி உப்புச்சப்பில்லாத பதிவு போடுவதும், அரசியலும் மதமும் பேசிப் பிளப்பதும் முன்னணியில் வந்தன. அதிகம் நீக்கப்பட்டவர்கள் பள்ளித் தோழர்கள். பழைய மாணவர் குழுக்கள் பெருகிக் கிடக்கும் கண்டியில் இதற்கு அர்த்தம் கேட்க வேண்டாம்: ஒரே வாங்கில் உட்கார்ந்தபோது அவனுக்கு அரசியல் இருந்ததே தெரியாது. 2014 காஸா போரின்போது இஸ்ரேலியப் பயனர்களில் ஆறில் ஒருவர் அரசியல் காரணமாக யாரையாவது நட்பு நீக்கியதாக நிக்கலஸ் ஜோனும் ஷிரா த்விர்-க்விர்ஸ்மனும் கண்டார்கள். போர் வந்தால் முதலில் அறுவது பலவீனமான இழைகள். ஆனால் மாற்றுக் கருத்து வந்து சேர்வதும் அந்த இழைகள் வழியாகத்தான்.

கண்டிக்கு அந்தப் பரீட்சை 2018 மார்ச்சில் வந்தது. பெப்ரவரி 22 அன்று தெல்தெனியவில் வாகனத் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர்கள் நால்வர் தாக்கிய சிங்கள லொறிச் சாரதி, மார்ச் தொடக்கத்தில் மருத்துவமனையில் இறந்தார். மார்ச் 5 அன்று திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் இறந்தார். வன்முறை அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் பரவியது. மறுநாள் நாடு முழுவதும் அவசரகால நிலை. மார்ச் 7 அன்று அரசு பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் எல்லாவற்றையும் நிறுத்தியது.

அதற்கு முந்தைய நாட்களில் வெறுப்புப் பதிவுகளை முறைப்பாடு செய்தவர்களுக்குச் ‘சமூக நியமங்களை மீறவில்லை’ என்ற பதிலே வந்துகொண்டிருந்தது. கம்பனியிடம் சிங்களம் தெரிந்த ஆட்கள் போதவில்லை. அப்போது ஒரு சாதாரணப் பயனரிடம் எஞ்சியிருந்த ஒரே ஆயுதம் ப்ளொக். பலர் பயன்படுத்தினார்கள், மனநிம்மதிக்கு அது தேவையும்கூட. ஆனால் ஒருவரைத் தடுத்தால் அவர் பதிவு தடுத்தவரின் திரையிலிருந்து மட்டுமே மறையும். பக்கத்து வீட்டுப் பையன் திரையில் அப்படியே இருக்கும். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. தெருமுனையில் யார் கூடுகிறார்கள் என்று தெரிய வேண்டிய நேரத்தில், தெரிவிக்கக்கூடிய வெறுப்பாளனை ஏற்கெனவே தடுத்தாயிற்று. அச்சுறுத்தப்படும் சமூகத்துக்கு இது பெரிய சங்கடம்: பார்த்தால் தூக்கம் போகும், பார்க்காவிட்டால் எச்சரிக்கை போகும்.

அரசின் தடையும் அதே பொத்தானின் பெரிய வடிவம்தான். கலகக்காரர்கள் வி.பி.என் வழியே உள்ளே போய்விட்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு ‘நாங்கள் பத்திரம்’ என்று சொல்லத் தவித்த தாய்மார்தான் வெளியே நின்றார்கள். பேஸ்புக் மார்ச் 15 அன்று திரும்பியது. நிறுவனம் தன் பங்குக்கு 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் நாடு மீண்டும் ப்ளொக் வாங்கியது. அந்தக் கடைசித் தடை ஒரு நாள்கூட நிலைக்கவில்லை; அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே வி.பி.என் இருக்கையில் இதெல்லாம் பயனற்றது என்று பகிரங்கமாகச் சொன்னார்.

இவ்வளவும் வாசித்துவிட்டு ப்ளொக் ஒரு கொடிய பழக்கம் என்று முடிவுகட்டுபவர், இரவு 11 மணிக்கு அறிமுகமில்லாத எண்ணிலிருந்து படம் வந்து சேரும் பெண்ணின் இடத்தில் ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும். குவைத்திலோ ரியாத்திலோ வீட்டுவேலை செய்யும் தோட்டத்துப் பெண்ணுக்கு இமோ என்பது பிள்ளையின் முகம் பார்க்கும் ஜன்னல். அதே ஜன்னலில் பணம் கேட்டு மிரட்டும் உறவினரும் வருவார், யாரென்றே தெரியாத ஆணும் வருவான். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் இருந்து சமாதானம் செய்துவைத்த காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள், அந்தச் சமாதானத்தில் பெரும்பாலும் யார் விட்டுக்கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கலாம். விலகுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராத முதல் கதவு அவளுக்கு இதுதான். ஒதுக்குதல் பலசாலியின் கையில் இருந்தபோது எப்படி இருந்தது என்பதற்குப் பேராதனைக்குப் போனால் போதும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பகிடிவதைக்குப் பணிய மறுக்கும் புதிய மாணவரை ‘அல’, அதாவது கிழங்கு என்று முத்திரை குத்தி, மாணவர் சங்கத்திலும் கூட்டங்களிலும் சேர்க்காமல் விடுவது நீண்டகால வழக்கம். 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. பேசாமலிருப்பதை எந்தச் சட்டம் பிடிக்கும்?

நிறுவனங்களுக்கும் ஒற்றைப் பொத்தான் போதாது என்று மெல்ல உறைத்தது. பேஸ்புக் 2017 டிசம்பரில் 30 நாளுக்கு ஒருவரை உறங்க வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இன்ஸ்டகிராம் 2019இல் ‘ரெஸ்ட்ரிக்ட்’ கொடுத்தது: அவர் கருத்திடுவார், அது அவருக்கு மட்டுமே தெரியும். வெற்றறையில் பேசவிட்டுத் தலையாட்டுவது போன்றது. ப்ளொக்கைவிட இதில்தான் வஞ்சகம் கூட. வட்ஸ்அப் 2022இல் குழுவிலிருந்து சத்தமில்லாமல் நழுவ வழி செய்தது. அதுவரை ‘வெளியேறினார்’ என்ற ஒற்றை வரி எத்தனை குடும்பங்களில் ஒரு வாரத்துப் பேச்சாக இருந்தது! எக்ஸ் 2024 நவம்பரில் எதிர்த்திசையில் போய், தடுக்கப்பட்டவரும் பொதுப் பதிவுகளைப் பார்க்கலாம் என்றது. வாயில் மறுத்தாலும் திண்ணையில் உட்கார்ந்துகொள்ளலாம்.

கால எல்லை வைப்பதில் சமயங்கள் இவர்களை முந்திவிட்டன. சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமலிருப்பது ஆகாது, முதலில் சலாம் சொல்பவரே சிறந்தவர் என்பது அக்குறணைப் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கும் ஹதீஸ். ஏப்ரல் புத்தாண்டில் சிங்கள வீடுகளில் வெற்றிலை கொடுத்து வணங்கி ‘தரஹ’ தீர்ப்பார்கள். ப்ளொக்குக்குப் புத்தாண்டு கிடையாது. ஒரே ஒரு ஒழுங்கு உண்டு: பேஸ்புக்கில் ஒருவரைத் தடுத்துப் பிறகு விடுவித்தால், மறுபடி தடுக்க 48 மணிநேரம் பொறுக்க வேண்டும். இயந்திரம் கற்றுத்தரும் நிதானம்.

பழைய விலக்குகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு விதிவிலக்கு இருந்தது. ஜப்பானியக் கிராமங்களில் ஒருவரை ஊர் ஒதுக்கினால் அதற்கு முராஹாச்சிபு என்று பெயர், ‘கிராமத்தின் எட்டுப் பங்கு’. மீதி இரண்டு பங்கு, தீ அணைக்கவும் பிணம் எடுக்கவும். தமிழ் வீடுகளிலும் அதே கணக்குத்தான்: நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகாமலிருக்க முடியாது. ஹந்தானையிலோ தெல்தோட்டையிலோ தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் தப்புச் சத்தம், பேசுகிற வீட்டுக்கும் பேசாத வீட்டுக்கும் ஒரே மாதிரி கேட்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவிப்பு வந்தால் யாருக்கு என்று பார்க்க எல்லாரும் எழுந்துவிடுவார்கள். பத்து வருடம் முகம் பார்க்காத அண்ணன் தம்பி பலர் திரும்பப் பேசத் தொடங்கியது அந்த வாசலில்தான்.

இப்போது சாவுச் செய்தியும் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வருகிறது. தம்பி அண்ணனை ப்ளொக் பண்ணி வைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘வை’ தான், ‘விடு’ அல்ல. அம்மா தவறிய இரவு அண்ணன் முதல் செய்தியை அனுப்புவது தம்பிக்குத்தான். அவன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒற்றை டிக் விழும். செய்தி தம்பிக்கு வேறு யாராவது மூலம் எப்படியும் போய்ச் சேரும். அவன் முதல் பஸ் பிடித்து வந்தும் சேர்வான். எட்டுச் செலவு முடிவதற்குள் ப்ளொக்கையும் எடுத்துவிடுவான். ஆனால் தடுத்திருந்த காலத்தில் அனுப்பிய எதையும் வட்ஸ்அப் பிறகு கொண்டுவந்து சேர்ப்பதில்லை. அண்ணனின் தொலைபேசியில் அந்த ஒரு வரிக்குக் கீழே டிக் ஒன்றாகவே நிற்கும். தம்பியின் தொலைபேசியில் அப்படியொரு வரியே இருக்காது.